குறை மாணவர்களிடம் இல்லை

கல்வியியல், சமூகப்பணித் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஒரே அச்சில் வார்த்த ஆய்வேடுகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு கல்லூரி, சில நூறு மாணவர்கள், ஒரு வினாத்தாள். காலநிலை மாற்றம் பற்றித் தெரியுமா, கவலை உண்டா, அறையை விட்டு வெளியேறும்போது மின்விசிறியை அணைக்கிறீர்களா, கடைக்குத் துணிப்பை கொண்டுபோகிறீர்களா என்று கேட்பார்கள். அறிவு நன்று, அக்கறை நன்று, நடைமுறை குறைவு என்று விடை வரும். கடைசி அத்தியாயத்தில் பரிந்துரை இருக்கும்: மாணவர்களிடையே விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்.

அறிவு இருக்கிறது, செயல்தான் இல்லை என்று கண்டுபிடித்தவர்களே மருந்தாக மறுபடியும் அறிவையே எழுதித் தருகிறார்கள். அந்தச் சீட்டைத்தான் கல்லூரி நிர்வாகங்களும் அரசுத் துறைகளும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கின்றன. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் உறுதிமொழி, பேரணி, சுவரொட்டிப் போட்டி, ஒரு மரக்கன்று. மாணவர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் மாறிவிடுவார்கள், அவர்கள் மாறினால் ஊர் மாறிவிடும் என்பது இதன் அடியில் கிடக்கும் நம்பிக்கை. மூன்றுமே தவறு. கொச்சியில், அதிலும் மட்டாஞ்சேரியில் நின்று பார்த்தால் அது பளிச்சென்று தெரியும்.

முதலில் அறியாமைக் கதை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று, சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2003 டிசம்பரில், அதை நிறைவேற்றச் சொல்லி மறுபடியும் அழுத்தம் கொடுத்தது. பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் பட்டப் படிப்புகளுக்கும் பொதுவாக ஆறு மாதப் பாடத்திட்டம் வகுத்தது; எராக் பரூச்சா பாடநூல் எழுதினார். இருபது ஆண்டுகளாக இந்நாட்டில் பட்டம் பெற்று வெளியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் சுற்றுச்சூழல் தாளை எழுதித் தேறியவர்கள். பாடம் சொல்லிக்கொடுத்தால் பழக்கம் மாறிவிடும் என்றால் இத்தனை காலத்தில் மாறியிருக்க வேண்டும்.

அந்தப் பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ள வேலை. மொத்தம் 50 வகுப்பு நேரம். அதில் களப்பணிக்கு 5. காலநிலை மாற்றம் ‘சமூகச் சிக்கல்கள்’ என்ற அலகில் ஒரே வரியில் வருகிறது. அமில மழை, ஓசோன் படலம், அணு விபத்து எல்லாம் அதே வரியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. 2023இல் மானியக் குழு புதிய வழிகாட்டுதலை வெளியிட்டு இதற்குக் கூடுதல் இடம் கொடுத்தது. ஆயினும் பல வகுப்பறைகளில் இந்தத் தாளின் நிலை எல்லோரும் அறிந்ததே: தேர்வுக்கு முதல் நாள் இரவு வழிகாட்டி நூலைப் புரட்டினால் போதும்.

அதற்காக மாணவர்கள் கவலையற்றுத் திரிகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் நடத்திய ஆய்வொன்றை 2021இல் ‘லான்செட் பிளானட்டரி ஹெல்த்’ இதழ் வெளியிட்டது. 59 சதவீதம் பேர் காலநிலை மாற்றம் குறித்து மிகுந்த, அல்லது மிக மிகுந்த கவலை கொண்டிருந்தார்கள். யேல் பல்கலைக்கழகமும் சி-வோட்டர் நிறுவனமும் இந்தியாவில் நடத்திய ஆய்வு 2022இல் வந்தது. புவி வெப்பமாதல் என்றால் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிக் கேட்டபோது, அது நடக்கிறது என்று 84 சதவீதம் பேர் சொன்னார்கள். நம்ப மறுக்கும் கூட்டத்தை வழிக்குக் கொண்டுவரும் வேலை இங்கே கிட்டத்தட்ட இல்லை.

தகவல் கூடினால் கருத்து ஒன்றுபடும் என்பதும் உண்மையில்லை. அமெரிக்காவில் டான் கஹானும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அறிவியல் அறிவு மிகுந்தவர்கள் காலநிலை பற்றிக் கூடுதலாகக் கவலைப்படவில்லை. தாம் சார்ந்த அணியின் நிலைப்பாட்டில் இன்னும் கெட்டியாக நின்றார்கள். எந்தக் கூட்டத்தில் நிற்கிறார், யார் பேச்சை நம்புகிறார் என்பதைப் பொறுத்தே ஒருவருக்குத் தகவல் உறைக்கிறது. அந்நாட்டு அரசியலை அப்படியே இங்கே பொருத்த முடியாதுதான். ஆனால் கேரளத்துக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. மாதவ் காட்கில் குழு மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு குறித்த அறிக்கையை 2011இல் கொடுத்தது. அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் அறிக்கையை எதிர்த்து 2013இல் இடுக்கியிலும் வயநாட்டிலும் மக்கள் திரண்டார்கள். கட்சிகளும் மறைமாவட்டங்களும் முன்னின்றன. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு அதே காட்கில் பெயர் வீட்டுக்கு வீடு உச்சரிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அவர் அறிக்கையில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

அப்படியானால் கருத்து எங்கே உருவாகிறது? மட்டாஞ்சேரியில் அதற்கு விடை காலடியில் கிடக்கிறது. பஜார் ரோட்டின் மிளகு, சுக்குக் கிடங்குகளைத் தாண்டி ஃபோர்ட் கொச்சிப் பக்கம் நடந்தால் கல்வத்திக் கால்வாய் வரும். அதன் ஓரத்திலும் துருத்திக் குடியிருப்பிலும் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். மலையாளத்தார் விருச்சிகம் என்றும் நாம் கார்த்திகை என்றும் சொல்லும் மாதம் தொடங்கி சில மாதங்களுக்குக் கடலேற்றம் கூடுதல். மேற்குக் கொச்சியின் தாழ்ந்த பகுதிகளில் அப்போது வானத்தில் ஒரு மேகமும் இல்லாத நாளில்கூட வடிகால் வழியாக உவர்நீர் மேலே வரும். வந்து வடிந்தபின் சுவரின் அடிப்பக்கம் உப்புப் பூத்து, காரை பொரிந்து உதிரும். கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துவது வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிடும். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவிக்குக் கடல்மட்டம் உயர்வதைப் பற்றி விழிப்புணர்வு ஊட்டப் போகிறோம் என்று சொல்வது என்ன நியாயம்?

மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில் இருக்கும் வில்லிங்டன் தீவில் 1939 முதல் கடல்மட்டம் அளக்கப்படுகிறது. இந்தியாவின் நீண்ட கடல்மட்டப் பதிவுகளில் அதுவும் ஒன்று. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993க்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்ந்துவந்திருக்கிறது என்று புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீடு சொல்கிறது. இந்த எண்ணும் அந்தச் சுவரில் பூத்த உப்பும் ஒரே கதையின் இரு பகுதிகள். கால்வாய்களில் மண்மேடிட்டதும், நிரப்பிக் கட்டிய நிலமும், வடிகாலின் மோசமான நிலையும் மற்ற பகுதிகள். இவற்றை ஒரு மாணவிக்கு யார் இணைத்துக் காட்டுகிறார்கள்? 1967 முதல் மட்டாஞ்சேரியில் கொச்சின் கல்லூரி இருக்கிறது. இடக்கொச்சியில் அக்வினாஸ் கல்லூரி இருக்கிறது. கால்வாய் அதிகத் தொலைவில் இல்லை. பொதுப் பாடத்திட்டம் துருவக் கரடியிலிருந்து தொடங்கினால், தன் வீட்டுத் தண்ணீரும் தான் படிக்கும் பாடமும் வேறு வேறு என்றே அவர் நினைத்துக்கொள்வார்.

பட்ட அனுபவமே எல்லாவற்றையும் கற்றுத் தந்துவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. அனுபவத்துக்குப் பொருள் சொல்லும் மனிதர்கள் வேண்டும், சேர்ந்து நிற்க அமைப்பு வேண்டும். தெற்கே செல்லானத்துக்குப் போனால் இது விளங்கும். 2017இன் ஒக்கிப் புயலிலும் 2021இன் டவ்தேப் புயலிலும் கடல் அங்கே வீடுகளுக்குள் வந்தது. மீனவர் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 344 கோடி ரூபாயில் டெட்ராபாட் கடல்சுவர் எழுந்தது. சுவர் கட்டிய ஏழு கிலோமீட்டர்ச் சொச்சத்தில் கடல் அடங்கியது. சுவர் எட்டாத கண்ணமாலிப் பக்கம் அதன் பிறகும் வீட்டுக்குள் வந்தது. அந்தக் கரையில் வளர்ந்த பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால் தூண்டில் வளைவு எங்கே போட்டால் எங்கே மணல் அரிக்கும், துறைமுகக் கால்வாயைத் தூர்வாருவதற்கும் கரை தேய்வதற்கும் என்ன தொடர்பு என்று வாதம் செய்வார்கள். எல்லாம் சரியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கருத்துகள் போராட்டப் பந்தலிலும் பங்குக் கோயில் முற்றத்திலும் வீட்டுத் திண்ணையிலும் உருவானவை. விழிப்புணர்வு முகாமில் உருவானவை இல்லை.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நிவாரணப் பொருள் திரட்டக் கொச்சி இளைஞர்கள் ‘அன்போடு கொச்சி’ என்று கூடினார்கள். 2018இல் பெரியாறு பொங்கி நெடும்பாசேரி விமான நிலையம் ஆகஸ்ட் 29 வரை மூடிக்கிடந்தபோது அந்தக் கூட்டமைப்பு தயாராக இருந்தது. கடவந்திரா விளையாட்டு மையத்தில் இரவு பகலாக மூட்டை கட்டிய கைகளில் கல்லூரி மாணவர்களின் கைகள் ஏராளம். ஆலுவாவின் யூ.சி. கல்லூரி தானே ஒரு பெரிய நிவாரண முகாமாக மாறியது. அவர்களில் யாரும் ‘சுற்றுச்சூழல் நடத்தை அளவுகோலில்’ எத்தனை மதிப்பெண் எடுத்தார்கள் என்று பார்த்துவிட்டு வரவில்லை. கூப்பிட ஒரு இடம் இருந்தது, பக்கத்தில் நண்பன் இருந்தான், செய்ய வேண்டிய வேலை கண் முன்னால் கிடந்தது.

இன்னும் பின்னால் போனால் சைலன்ட் வேலி. குந்திப்புழாவில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து 1970களின் கடைசியில் மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் எழுந்து நின்றபோது, அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் எம்.கே. பிரசாத். தாவரவியல் பேராசிரியர், எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தவர். அணை வேண்டும் என்று மின்வாரியமும் பெரிய கட்சிகளும் தொழிற்சங்கங்களும் நின்ற காலம் அது. பரிஷத்காரர்கள் மின்தேவைக் கணக்கை எடுத்து ஊர் ஊராகப் போய் விவாதித்தார்கள். மாணவர்கள் கையெழுத்து வாங்கினார்கள், நாடகம் போட்டார்கள், எதிர்க்கேள்வி கேட்டார்கள். 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒரு தலைமுறை மாணவர்களின் சுற்றுச்சூழல் கண்ணோட்டத்தை உருவாக்கியது, தம் பெயரைப் பணயம் வைத்து ஒரு நிலைப்பாடு எடுத்த ஆசிரியர்களும் அவர்களைச் சுற்றி இருந்த இயக்கமும்தான்.

இது கருத்தின் கதை. நடத்தையின் கதை இன்னும் எளிது. அதனால்தானோ என்னவோ யாரும் அதைப் பேசுவதில்லை.

கேரளத்தில் தனியார் பேருந்தில் மாணவருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 1 ரூபாய். 2022இல் பொதுக் கட்டணம் 8 ரூபாயிலிருந்து 10 ஆக உயர்ந்தபோதும் மாணவர் கட்டணம் அப்படியே நின்றது. இதை உயர்த்தக் கேட்டுப் பேருந்து உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் அறிவிப்பதும், மாணவர் சங்கங்கள் எதிர்த்து நிற்பதும் பல்லாண்டுப் பழக்கம். பத்தாயிரக்கணக்கான இளைஞர்களைப் பைக்கில் ஏறவிடாமல் பேருந்திலேயே வைத்திருக்கும் மாபெரும் காலநிலைத் திட்டம் அந்த 1 ரூபாய்தான். ஆனால் எந்தக் காலநிலை அறிக்கையிலும் அதற்கு அந்தப் பெயர் கிடைத்ததில்லை. அதே பேருந்து நிலையத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. சலுகைக் கட்டண மாணவர்களை வண்டி புறப்படும் வரை ஏறவிடாமல் கீழே நிறுத்தி வைப்பார்கள். முழுக் கட்டணப் பயணிகள் உட்கார்ந்தபின், எஞ்சின் உறுமத் தொடங்கியதும், புத்தகப் பையோடு முண்டியடித்து ஏற வேண்டும். நான்கு வருடம் இப்படி அவமானப்பட்ட ஒருவன் முதல் சம்பளத்தில் தவணைக்கு பைக் வாங்கினால், அவனுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று எழுதுவது அநியாயம்.

படகைப் பாருங்கள். மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் நடுவே இருப்பது காயல். சாலையில் போனால் தோப்பும்படி வழியாகச் சுற்றி நெரிசலில் ஊர வேண்டும். மின்கலத்தில் ஓடும் வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது, உலகமே பாராட்டியது. மட்டாஞ்சேரியில் அது நின்று ஆளேற்றியது 2025 அக்டோபரில்தான். இடைப்பட்ட இரண்டரை ஆண்டில் மட்டாஞ்சேரி மாணவன் எவ்வளவு பசுமை உள்ளம் கொண்டவனாக இருந்தாலும் தன் ஊரிலிருந்து அதில் ஏறியிருக்க முடியாது. வந்த பிறகும் குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய். 1 ரூபாய்ப் பேருந்தோடு அவன் வீட்டார் அதை ஒப்பிடாமல் இருப்பார்களா?

குப்பை விஷயத்திலும் இதே பாடம். 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பற்றியது. பன்னிரண்டு நாள் நகரம் நஞ்சுப் புகையைச் சுவாசித்தது, பள்ளிகள் மூடின, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கொச்சிக்காரர்கள் அதற்கு முன் பிளாஸ்டிக் எரிந்தால் நஞ்சு என்று அறியாதவர்களா? நன்றாக அறிவார்கள். பிரித்துக் கொடுத்த குப்பையும் ஒரே மலையில் போய்ச் சேரும் என்பதையும் அறிவார்கள். தீக்குப் பிறகு உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீட்டு வாசலுக்கு வந்து பிளாஸ்டிக்கைத் தனியாக வாங்குவது முறைப்படுத்தப்பட்டது. கண்ட இடத்தில் எறிந்தால் அபராதம் வந்தது. வீடுகள் பிரிக்கத் தொடங்கின. அந்த வீட்டுப் பிள்ளைகளும்தான்.

தமிழ்நாட்டுச் சான்று ஒன்றும் இங்கே வைக்கத் தகும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022இல் நீலகிரியின் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்துவிடும் ஏற்பாடு வந்தது. காட்டிலும் ஓடையிலும் உடைந்து கிடந்து யானைக் காலைக் கிழித்த பாட்டில்களில் மிகப் பெரும்பாலானவை கடைக்குத் திரும்பின. குடிப்பவர்களுக்கு யாரும் வனவிலங்கு வகுப்பு எடுக்கவில்லை.

சுற்றியிருப்பவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்வதும் அத்தனை பலமானது. கலிபோர்னியாவில் ஜெசிகா நோலன், ராபர்ட் சியால்டினி முதலியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏன் மின்சாரம் சேமிக்கிறீர்கள் என்று கேட்டதற்குச் சுற்றுச்சூழலுக்காக, சமூகத்துக்காக, செலவைக் குறைக்க என்றெல்லாம் மக்கள் சொன்னார்கள். அக்கம்பக்கத்தார் சேமிக்கிறார்கள் என்பதால் என்ற காரணத்தைக் கடைசியில் தள்ளினார்கள். அவர்களின் நடத்தையோடு நெருக்கமாகப் பொருந்தியதோ அந்தக் கடைசிக் காரணம். வினாத்தாளில் மாணவர் எழுதும் காரணத்தை அப்படியே நம்பி முடிவுக்கு வரும் ஆய்வாளர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வினாத்தாள் இன்னொரு விதத்திலும் ஏழை மாணவரைத் தவறாக எடைபோடுகிறது. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் டோபிகானா என்ற சலவைக்கூடம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த வண்ணார் சமூகத்தினர் அங்கே துவைக்கிறார்கள். முறுக்கிய கயிற்றின் இழைகளுக்கு நடுவே துணி முனையைச் செருகி வெயிலில் உலர்த்துவார்கள். கிளிப் கிடையாது, உலர்த்தும் எந்திரம் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் மாணவரிடம் ‘ஏசியை 24 டிகிரியில் வைக்கிறீர்களா, பசுமைப் பொருள்களைத் தேர்ந்து வாங்குகிறீர்களா’ என்று கேட்டால் என்ன எழுதுவார்? வீட்டில் இரண்டு கார் வைத்திருப்பவரின் பிள்ளை மூங்கில் பல்துலக்கி வாங்கி மதிப்பெண் பெற்றுவிடுவார். உண்மையில் யாருடைய வாழ்க்கை குறைவாகப் புகை கக்குகிறது என்பது அந்தத் தாளில் ஏறுவதே இல்லை.

விழிப்புணர்வுப் பல்லவியின் பெரிய கேடு, பொறுப்பை இடம் மாற்றுவது. 2024 மே மாதம் பெரியாற்றில் ஏலூர்–இடையாறு தொழிற்பேட்டையை ஒட்டி மீன்கள் டன் கணக்கில் செத்து மிதந்தன. கூண்டில் மீன் வளர்த்தவர்கள் ஒரே இரவில் கடனாளிகளானார்கள். 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கன்டெய்னர்களோடு கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்து கொட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை கேரளக் கரையைத் தாண்டிக் கன்னியாகுமரி, தனுஷ்கோடி வரை ஒதுங்கியது. தன்னார்வலர்கள் மணலைச் சலித்து அதைப் பொறுக்கினார்கள். அந்தக் கரையில் நின்று ஒரு மாணவனிடம் ‘நீ ஸ்ட்ரா பயன்படுத்தாதே’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது அவன் அறிவை அவமதிப்பதாகும். கேட்க வேண்டிய கேள்விகள் துறைமுகத்திடமும் கப்பல் முதலாளியிடமும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடமும் இருக்கின்றன. அப்படிக் கேட்கத் துணிந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதும் மாணவர்களுக்குத் தெரியும். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எதிர்த்து மின்னஞ்சல் அனுப்பச் சொன்ன இளைஞர்களின் இணையதளம் முடக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் பெங்களூரின் 22 வயதுக் காலநிலைச் செயற்பாட்டாளர் திஷா ரவி கைது செய்யப்பட்டார். மரக்கன்று நட்டால் சான்றிதழ், கேள்வி கேட்டால் போலீஸ் என்று பாடம் நடத்திவிட்டு, மாணவர்களிடம் செயலூக்கம் இல்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

அறிவே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், நிறையவே வேண்டும். பெரியாற்று மீன்சாவின்போது பனங்காட்டில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகம் நீரைச் சோதித்ததால்தான் அம்மோனியாவும் சல்பைடும் பற்றிப் பேச ஆதாரம் கிடைத்தது. அறிவு ஆதாரமாக, கணக்காக, மனுவாக மாறும் இடத்தில் அதற்கு வேலை இருக்கிறது. பொத்தாம்பொதுவான எச்சரிக்கையாக மாணவர் தலையில் கொட்டப்படும்போது அது கவலையை மட்டும் கூட்டுகிறது. பூமித்ரசேனை என்னும் சுற்றுச்சூழல் மன்றங்களும் நாட்டு நலப்பணித் திட்டமும் கல்லூரிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆளும் ஆர்வமும் குறைவில்லை. அவற்றிடம் இதுவரை நாம் கேட்டது பேரணியும் சுவரொட்டியும்தான்.

ஆகவே மேற்குக் கொச்சிக் கல்லூரிகளின் முதல்வர்களும் ஆசிரியர்களும் ஒன்று செய்யட்டும். சுற்றுச்சூழல் தாளின் களப்பணி நேரத்தைப் படம் ஒட்டிய அறிக்கைக்குச் செலவிடாமல், கார்த்திகைக் கடலேற்ற நாள்களில் மாணவர்களை அளவுகோலோடு கல்வத்திக்கும் துருத்திக்கும் அனுப்பட்டும். எந்த வீட்டில் எத்தனை அங்குலம் தண்ணீர், எந்த வடிகால் வழியாக வந்தது, எத்தனை மணிக்கு வடிந்தது என்று குறித்து, அந்தப் பட்டியலை மாணவர் கையெழுத்தோடு மாநகராட்சிக்குக் கொடுக்கட்டும். பேருந்தில் ஏறவிடாத நாளையும் நேரத்தையும் அதேபோல எழுதிப் போக்குவரத்துத் துறைக்குக் கொடுக்கட்டும். பதில் வராவிட்டால் அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி போகட்டும். ஆசிரியர்கள் அவர்களோடு போகட்டும்.